பின்சந்துப் பெட்டிகள்

படூரில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து கிழக்கே பிரிந்து வடக்கே திரும்பும் தெரு ஒன்றில் இருந்த அந்த எட்டு வீட்டுக் குடியிருப்பில், ஏசியின் அவுட்டோர் பெட்டி தெருவில் நிற்பவர் கண்ணில் படக்கூடாது. சங்கத்தின் விதிகளில் இதை யாரும் எழுதவில்லை. எந்தக் கூட்டத்திலும் யாரும் இதை முன்மொழியவில்லை, வழிமொழியவும் இல்லை. ஆனாலும் புதிதாகக் குடிவருபவர்கூட ஸ்டாண்டை எங்கே மாட்டுவது என்று கேட்டதில்லை. சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் பின்சந்துக்குப் போய்விடுவார். இந்த விதிக்கு ஒரு வாலும் உண்டு. சந்தில் யாருடைய பெட்டி யார்மீது ஊதுகிறது என்பதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

கூச்சத்தில் பிறந்த விதி அது. குடியிருப்பில் முதன்முதலாக ஏசி வாங்கியவன் இரண்டாவது மாடிப் பரணிதரன். கணினி நிறுவனத்தில் வேலை, புதிதாகக் கல்யாணம், கைநிறையச் சம்பளம். மற்ற ஏழு வீடுகளிலும் அப்போது மின்விசிறிதான் சுழன்றுகொண்டிருந்தது. தன்னிடம் மட்டும் இருப்பதை அடுத்தவர் முகத்துக்கு நேரே ஊதவிட அவனுக்கு மனம் வரவில்லை. ஆகவே கட்டடத்தின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே, குளியலறை ஜன்னல்களும் சமையலறை ஜன்னல்களும் திறக்கும் அந்தக் குறுகிய சந்தில், கண்ணுக்கு மறைவாக மாட்டிக்கொண்டான். அடுத்த கோடையில் ஏசி வாங்கியவருக்கு, பரணிதரனே காட்டிக்கொள்ளாததைத் தான் காட்டிக்கொள்வதா என்ற தயக்கம். அதற்கடுத்தவருக்கு இருவர் காட்டிய வழி. இப்படியாக ஒருவனின் நல்ல எண்ணம் நாலைந்து கோடைகளில் எட்டு வீட்டின் சட்டமாகிவிட்டது. மறைக்க வேண்டிய காரணம் தீர்ந்து, எல்லா வீட்டிலும் ஏசி வந்தபிறகும் சட்டம் மட்டும் அப்படியே நின்றது. கடற்காற்று வந்து மோதும் கிழக்குச் சுவர், கட்டும்போது விளம்பரப் பலகையில் வரைந்திருந்தபடி வெள்ளையாக, வழுவழுப்பாக, வெறுமையாக இருந்தது. காற்று எட்டிப் பார்க்காத சந்தில் எட்டுப் பெட்டிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு தொங்கின.

சியாமளாவின் வீடு மூன்றாவது மாடியில். அதற்கு மேலே மொட்டை மாடிதான்; அதன் கதவுக்குக் கட்டடம் கட்டியவர் பூட்டுப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்திருந்தார். என்றாவது இன்னொரு தளம் எழுப்பலாம் என்ற ஆசை அவரை இன்னும் விடவில்லை. சூடான காற்று மேலே ஏறும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் அந்தக் குடியிருப்பில் ஒருவரும் இல்லை. கீழ்வீட்டுப் பெட்டிகள் விட்ட மூச்செல்லாம் ஒன்றாய்த் திரண்டு ஏறி, கடைசியில் சியாமளா வீட்டுப் பெட்டியின் முதுகில் வந்து விழுந்தது. அது அந்தச் சூட்டையே உள்ளிழுத்து, தாங்காமல் திணறி, பிற்பகலில் எல்லா வீட்டு ஏசியும் ஓடத் தொடங்கியதும் ஒரு பெருமூச்சோடு நின்றுவிடும்.

முந்தைய கோடைகளில் சியாமளா இதைப் பொறுத்துக்கொண்டாள். ஹாலில் ஈரத்துணி விரித்துப் படுத்துக்கொண்டால் பொழுது போய்விடும். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுச் சித்திரையில் அப்படிப் பொறுக்க முடியாமல் போனது. மகள் ஸ்வாதி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

ஸ்வாதி பெங்களூரில் தன்னோடு வேலை பார்த்த அபிஷேக்கைத் தானே தேர்ந்தெடுத்து மணந்துகொண்டவள். அந்தக் கல்யாணத்துக்கு சியாமளா போனாள். ஆனால் சாப்பிடாமல் திரும்பி வந்தாள். அதன்பின் இரண்டு வருஷம் தாயும் மகளும் பேசிக்கொண்டதெல்லாம் நடுவில் அப்பாவை வைத்துத்தான். ‘அம்மாகிட்ட சொல்லுங்க’, ‘அவகிட்ட சொல்லிடுங்க’ என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை. வளைகாப்புக்குப் போனபோது ஸ்வாதியே அருகில் வந்து, கைநிறைய வளையல் குலுங்க, “பிரசவத்துக்கு நான் நம்ம வீட்டுக்கே வந்துடறேம்மா” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை சியாமளா ரயிலில் வரும் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இந்தப் பிரசவம் மட்டும் இந்த வீட்டில் நல்லபடி நடந்துவிட்டால், கடந்த இரண்டு வருஷத்தைப் பற்றி யாரும் யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது என்று அவள் நம்பினாள்.

அப்படி வந்த மகள்தான் இப்போது கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு, வீங்கிய கால்களைப் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு, ஓடாத ஏசியை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஏசிக்காரன் ஞானதாஸ் மாமல்லபுரத்திலிருந்து மொபெட்டில் வந்தான். கடற்கரை ஹோட்டல்களில் தொழில் பழகியவன். குடியிருப்பின் எட்டுப் பெட்டிகளையும் மாட்டியவன் அவனே. செருப்பை வாசலில் உதறும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுவது அவன் வழக்கம்.

“இன்னாம்மா, மறுபடியும் தூங்கிடுச்சா?”

“தூங்கல ஞானதாஸ். செத்துடுச்சு.”

“சாவல, சாவல. மயக்கம். தண்ணி தெளிச்சா எந்திரிக்கும்.”

குளியலறை ஜன்னல் வழியே உடம்பில் பாதியை வெளியே நீட்டி, ஒரு சொம்புத் தண்ணீரைப் பெட்டியின் முதுகில் வீசினான். புஸ்ஸென்று ஆவி எழும்பியது. சற்றுநேரத்தில் பெட்டி முனகிக்கொண்டே ஓடத் தொடங்கியது.

“பாத்தீங்களா? இது பேஷண்டும்மா. அப்பப்ப மூஞ்சி கழுவி வுடணும்.”

“அதுக்கு ஒரு ஆள் பாத்ரூம்லயே குடியிருக்கணுமா? கேஸ் போட்டே, நின்னுடுச்சு. கெபாசிட்டர் மாத்தினே, நின்னுடுச்சு. போன வாரம் கோணிப்பையை நனைச்சு மேல போடச் சொன்னே. போட்டேன். கோணி காய்ஞ்சு கருவாடாயிடுச்சு, அதுவும் நின்னுடுச்சு. உண்மையைச் சொல்லு. என்னதான் கோளாறு?”

ஞானதாஸ் ஹால் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

“பெட்டில ஒரு கோளாறும் இல்லம்மா. அது வுட்ட காத்த அதே இழுத்துகினு கீது. எதிர்ல செவுரு. கீழ பரணி சாரு பெட்டி, ரெண்டு டன்னு. அதுக்குங் கீழ இன்னொண்ணு. அடியில ரெபேக்கா அக்காவுது. ஒருத்தர் எச்சிய ஒருத்தர் குடிச்சிகினு கீறீங்க அல்லாரும்.”

“இதை அங்கே மாட்டினது யாரு?”

“மாட்னது நான்தான். மாட்டச் சொன்னது நீங்க.”

“சரி, பரணிகிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லேன். அவங்க பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வெச்சா...”

“நானா?” ஞானதாஸ் சுவரில் ஆணி அடிக்கப் போனவன் விரலில் அடித்துக்கொண்டவனைப்போல் பார்த்தான். “எட்டு வூடும்மா எனக்கு. ஒரு வூட்டுல போயி உன் காத்து சரியில்லன்னு சொன்னா, மிச்சம் ஏழு வூட்டுலயும் கதவ சாத்திடுவாங்க. வோணும்னா ஒண்ணு பண்லாம். இன்னும் கொஞ்சம் பெர்ஸா ஒண்ணு போட்டுக்கலாம்.”

இந்த யோசனையும் புதிதல்ல. சியாமளா வீட்டில் முதலில் மாட்டியது ஒரு டன். அது நின்றபோது ஒன்றரை ஆனது. அதன் சூடு எதிர்ச்சுவரில் மோதிக் கீழே திரும்பி மூச்சடைத்ததில் பரணிதரன் இரண்டுக்குப் போனான். ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டின் சூட்டை வெல்ல இன்னும் பெரிய பெட்டியாக மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு பெரிய பெட்டியும் சந்தை இன்னும் கொஞ்சம் சூடாக்கியது.

மாலையில் கணவர் ஜானகிராமன் வந்ததும் சியாமளா பிடித்துக்கொண்டாள். ஜானகிராமன் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்ப்பவர். வெப்பம் எங்கிருந்து எங்கே போகும், எப்படிப் போகும், போகாவிட்டால் என்னாகும் என்பதே அவருடைய முப்பது வருஷத்துப் பிழைப்பு. சந்துக்குள் என்ன நடக்கிறது என்பது முதல் பெட்டி மாட்டிய நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். அவர் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் என்பதும், எந்த வீட்டோடும் ஒரு மனத்தாங்கல்கூட இல்லாத ஒரே மனிதர் என்பதால்தான் தலைவரானார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

“அங்கே அவ்வளவு சூட்டுக்கு வழி சொல்றீங்க. பத்துக்குப் பன்னெண்டு ரூமுக்கு ஒரு வழி சொல்லத் தெரியல.”

“தெரியாம இல்லே சியாமளா. சந்துல காத்து சுத்துது. இன்லெட் டெம்பரேச்சர்...”

“எனக்கு இன்லெட் வேண்டாம். பரணிகிட்ட பேசுங்க.”

“என்னன்னு பேச? உன் சூடு என் மேல வருதுன்னா? அவன் திருப்பி, உங்க சூடு யார் மேல போகுது அங்கிள்னு கேட்டா? நல்ல பையன். நாளைக்கு முகத்துல முழிக்கணும்.”

“உங்க பொண்ணு முகத்துல முழிக்க வேண்டாமா?”

பேச்சில் மாட்டிக்கொண்டால் ஜானகிராமன் படம் வரைவார். நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் சந்தைக் கோடுகளாக வரைந்து, அம்புக்குறிகள் போட்டு, நெடுநேரம் கழித்துத் தலைநிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

“யாரையும் ஒண்ணும் சொல்ல வேண்டியதே இல்லே. நம்ம பெட்டிக்கு முன்னால தகரத்துல ஒரு மூக்கு செஞ்சு மாட்டுவோம். எதிர்ச்சுவர்ல மோதாம காத்து நேரா மேல போயிடும். நாம மேல்மாடி, நமக்கு மேல வானம்தான். யாருக்கும் தொந்தரவு இல்லே.”

ஞானதாஸ் தகரத்தை வெட்டி, வளைத்து, மூக்கு மாட்டினான். ஆச்சரியம் என்னவென்றால், அது வேலை செய்தது. அன்று பிற்பகல் பெட்டி நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. ஸ்வாதி போர்வை கேட்டாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து போர்வையை எடுத்து மகளின் கால்வரை இழுத்துவிட்டபோது சியாமளாவுக்குக் கண் கலங்கியது. “ஏம்மா, போர்வைக்கெல்லாமா அழுவாங்க?” என்று ஸ்வாதி சிரித்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவ்வளவு அருகில் கேட்ட சிரிப்பு அது.

கெட்டது ஜானகிராமனின் பண்பால். பால் வாங்கப் போன இடத்தில் பரணிதரன், “என்ன அங்கிள், சந்துல ஏதோ புதுசா மாட்டியிருக்கீங்க?” என்று சாதாரணமாகத்தான் கேட்டான். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஜானகிராமனுக்கு ஒரு நல்ல விஷயத்தைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளத் தெரியாது. பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே சந்து, சுவர், அம்புக்குறி எல்லாவற்றையும் விளக்கினார். போதாதற்கு, “நானே ஞானதாஸை அனுப்பறேன்” என்றார். பரணிதரனுக்கு ஒன்று மாட்டினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? தலைவர் பாரபட்சம் பார்க்கிறார் என்று வந்துவிடாதா? எல்லா வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார். அந்த வாரம் முழுக்க ஞானதாஸுக்குத் தகர வேலை. வாரம் முடிவதற்குள் எட்டுப் பெட்டிகளும் எட்டுத் தகர மூக்குகளை வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு நின்றன.

சந்து புகைபோக்கியாகிவிட்டது. முன்பு சுவரில் மோதிச் சுற்றிக்கொண்டிருந்த சூடு இப்போது சுற்றவில்லை. ஒழுங்காக, வரிசையாக, ஒரு மூக்கிலிருந்து அடுத்த பெட்டியைத் தாண்டி மேலே மேலே பாய்ந்தது. அந்தப் புகைபோக்கியின் வாயில் சியாமளா வீட்டுப் பெட்டி தொங்கியது. முன்பு பிற்பகலில் நின்றது, இப்போது காலைப் பலகாரம் முடிவதற்குள் நின்றது. குளியலறை ஜன்னலைத் திறந்தால் அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தது. சொம்புத் தண்ணீர் பெட்டியைச் சேருமுன்பே சூடானது.

“அல்லா வூட்டுக்கும் மூக்கு வெச்சி வுட்டதுல, மூச்சு முட்றது உங்களுக்கு மட்டுந்தாம்மா” என்றான் ஞானதாஸ். அவனுக்கே வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சிரிக்காதே. சிரிச்சா இந்தச் சொம்பைத் தூக்கி உன் மேல போடுவேன்.”

அன்று மாலை பரணிதரனும் அவன் மனைவி சஹானாவும் நன்றி சொல்ல மேலே வந்தார்கள். சஹானாவின் கையில் ஒரு டப்பா நிறைய நுங்கு.

“சூப்பர் ஐடியா அங்கிள்! எங்க ரூம் இப்ப ஊட்டிதான். ராத்திரி ஆஃப் பண்ணிட்டுப் படுக்கறோம், அவ்ளோ குளிர்.”

ஜானகிராமன் அசட்டுத்தனமாகச் சிரித்தார். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஹாலில் வாளித் தண்ணீரில் கால் விட்டபடி ஸ்வாதி உட்கார்ந்திருப்பதைச் சஹானா பார்த்தாள். “ஸ்வாதிக்கு ரொம்ப ஹாட்டா இருக்குல்ல? இந்த வருஷம் வெயில் ரொம்ப மோசம்” என்றாள். வெயில் என்ற வார்த்தை எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. சியாமளா வாயைத் திறந்தாள். ‘வெயில் இல்லேம்மா, உங்க பெட்டி’ என்ற வார்த்தைகள் நாக்கின் நுனிவரை வந்தன.

“நுங்கு இளசா இருக்கு” என்றாள்.

அவர்கள் போனபிறகு டப்பாவைச் சமையல்மேடையில் டக்கென்று வைத்தாள். தன்மேலேயே வந்த எரிச்சலில் தரைத்தளத்து ரெபேக்காளிடம் போய்ப் புலம்பினாள். ரெபேக்காள் திருக்கழுக்குன்றத்துக்காரி, பக்கத்துக் கல்லூரி அலுவலகத்தில் வேலை. சமையலறையில் நின்று சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். சந்துப் பக்க ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தாள்.

“ரெண்டு வருஷமா இந்த ஜன்னலத் தொறக்கலக்கா. தொறந்தா அடுப்பு ரெண்டாயிடுது. எங்க வூட்டுக்காரரு பெஞ்சமினு தினம் கத்துவாரு, போயி கேளுடி, போயி கேளுடின்னு. இன்னான்னு கேக்கறது? எங்களுதும் யார் மேலயோ ஊதிகினுதான கீது?”

“என் மேலதான் ஊதுது ரெபேக்கா.”

ரெபேக்காளின் கை சப்பாத்திக் கட்டையோடு அப்படியே நின்றது. குடியிருப்பில் யாரும் யாரிடமும் சொல்லாததை சியாமளா சொல்லிவிட்டாள். ஆனால் நாலு சுவருக்குள், மூடிய ஜன்னலுக்கு முன்னால் சொன்னது அது. அது சந்தைத் தாண்டாது என்பது இருவருக்கும் தெரியும். ரெபேக்காள் தேய்த்ததைக் கல்லில் போட்டாள். பிறகு, “ரெண்டு சப்பாத்தி எடுத்துகினு போக்கா, ஸ்வாதிக்கு” என்றாள்.

மறுநாள் பெங்களூரிலிருந்து சம்பந்தியம்மாள் தொலைபேசியில் அழைத்தாள். குரலில் அவ்வளவு பரிவு.

“குத்தமா எடுத்துக்காதீங்க சம்பந்தி. முறைப்படி தலைப்பிரசவம் உங்க வீட்லதான். நான் இல்லேங்கல. ஆனா குழந்தை போன்ல பேசறப்பவே மூச்சு வாங்கறா. இங்க ஃபேன் போட்டாலே போர்வை தேடுவோம். நீங்களும் கூட வந்து தங்கிக்கலாமே? இந்த வாரத்தை விட்டா அவ்வளவு தூரம் பிரயாணம் வேண்டாம்னு டாக்டர் சொன்னாங்களாம். ஞாயித்துக்கிழமை அபிஷேக் காரை எடுத்துட்டு வரான்.”

சியாமளா தொலைபேசியை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். எல்லாம் முன்பே பேசி முடிவாகியிருந்தது என்பது ஸ்வாதி கண்ணைத் தாழ்த்திக்கொண்ட விதத்தில் தெரிந்தது.

“கோவிச்சுக்காதேம்மா. எனக்கும் இங்க இருக்கணும்னுதான். முடியலம்மா. உட்காந்தா முடியல, படுத்தா முடியல. உள்ள இது வேற உதைக்குது. நீயும் வாயேன்.”

சம்பந்தி வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து, அங்கே யாரோ காய்ச்சும் கஞ்சியைத் தன் மகளுக்கு யாரோ ஊட்டுவதைப் பார்ப்பதை சியாமளா நினைத்துப்பார்த்தாள். அவளுக்குக் கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை. மகள் பாவம். கணவர் நல்லவர். பரணிதரன் நல்ல பையன். சஹானா நுங்கு கொடுத்தாள். ரெபேக்காள் சப்பாத்தி கொடுத்தாள். இத்தனை நல்லவர்களும் சேர்ந்து, ஒருவர் மனத்தை ஒருவர் நோகடிக்காமல், தன் மகளை வீட்டைவிட்டு வெளியே ஊதித் தள்ளுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஞானதாஸ் வந்தபோது சியாமளா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பால்கனியில் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தது படுக்கையறைக்கும் பால்கனிக்கும் பொதுவான கிழக்குச் சுவர். தெருமுனை டீக்கடையிலிருந்து பார்த்தாலே தெரியும். கோவளம் பக்கமிருந்து காற்று வந்து திரைச்சீலையைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது.

“இங்கே மாட்டு” என்றாள்.

ஞானதாஸ் சுவரைப் பார்த்தான். கைப்பிடிக்கு அப்பால் தெருவைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

“முன்னாடியா? தமாசு பண்ணாதீங்கம்மா.”

“பின்னாடி இருக்கறதைக் கழட்டி இங்கே மாட்டு. பைப் போக ஓட்டை இந்தச் சுவர்லயே போடலாம். உள்பெட்டி அந்தப் பக்கம்தானே இருக்கு.”

“அதெல்லாம் சுளுவும்மா. ஆனா உப்புக் காத்து. மாமல்லபுரத்துல கடலப் பாத்து மாட்டின பெட்டியெல்லாம் ரெண்டு வருஷத்துல துருப்புடிச்சி அப்பளமா உதிருது.”

“ரெண்டு வருஷம் எதுக்கு? எனக்கு ரெண்டு மாசம் ஓடினாப் போதும்.”

“அதில்லம்மா...” அவன் தலையைச் சொறிந்தான். “நான் இதுல டிரில்லு வெச்சேன்னு வெய்யி, நாளைக்கி இந்த பில்டிங்ல எனக்கு பேஜாராயிடும். ஞானதாஸுதான் ஆரமிச்சி வுட்டான்னுவாங்க. சாரு வேற தலைவரு.”

சாரு உள்ளேயிருந்து செய்தித்தாளோடு ஓடிவந்தார். “என்ன சியாமளா இது? தலைவர் வீட்டுலயே இப்படின்னா நாளைக்கு எல்லாரும் முன்பக்கம் தொங்கவிட ஆரம்பிச்சுடுவாங்க. கட்டடமே அசிங்கமாயிடும். கூட்டத்துல ஒரு வார்த்தை...”

“எந்தக் கூட்டத்துல இதைப் போட்டீங்க, நான் அந்தக் கூட்டத்துல எடுக்க? முன்னால மாட்டக் கூடாதுன்னு எங்கே எழுதியிருக்கு, காட்டுங்க.”

“எழுதல. ஆனா எல்லாரும்...”

“எல்லாரும் குளிர்ச்சியா இருக்காங்க. தலைவர் பதவிதான் இடைஞ்சல்னா இன்னிக்கே ராஜினாமா குடுத்துடுங்க. பேரனுக்கோ பேத்திக்கோ தாத்தாங்கற பதவி காத்துக்கிட்டிருக்கு.”

ஜானகிராமன் செய்தித்தாளை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். பிறகு, தன் வாழ்வில் முதன்முறையாக ஒரு தகராறில் பக்கம் சேர்கிறவரைப்போலத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “காத்து எதிர்லேர்ந்து வருது. நேரா வைக்காம கொஞ்சம் தெற்குப் பக்கம் திருப்பி வெச்சா நல்லது.”

ஞானதாஸ் ஸ்டாண்டைச் சுவரோடு வைத்து, போல்ட்டு போக வேண்டிய நாலு இடத்திலும் பென்சிலால் குறித்தான். டிரில்லை எடுத்தான். நுனியைச் சுவருக்கு அருகே கொண்டுபோனவன் நிறுத்திவிட்டான்.

“கை வரலம்மா. எட்டு வூட்டுச் சோறு துன்னுகினு கீறேன். நீங்க ஓட்ட போடுங்க. மாட்றத நான் மாட்டித் தரேன். யாரு போட்டான்னு கேட்டா, அம்மாதான் போட்டாங்கன்னு சொல்லிடுவேன்.”

“சொல்லு. தாராளமா சொல்லு. குடு இங்கே.”

அவன் டிரில்லை அவள் கையில் வைத்து, பிடிக்கும் விதத்தைக் காட்டினான். “இறுக்கிப் புடிங்க. அது துள்ளும். உடம்ப வெச்சி தள்ளுங்க, கையால தள்ளாதீங்க.” சியாமளா முக்காலியின் மேல் ஏறினாள். ஜானகிராமன் முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார். விசையை அழுத்தினாள்.

அந்தச் சத்தம் தெருவையே கூப்பிட்டது. வெள்ளைச் சாந்து உதிர்ந்து, அதன் பின்னால் செங்கல் பொடி சிவப்பாக அவள் புடவையிலும் கைப்பிடிச் சுவரிலும் தெருவிலும் கொட்டியது. டீக்கடையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தரைத்தளத்திலிருந்து ரெபேக்காள் கரண்டியும் கையுமாகத் தெருவுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் பெஞ்சமின். இரண்டாவது மாடிப் பால்கனியிலிருந்து பரணிதரன் கழுத்தை வெளியே நீட்டி மேலே பார்த்தான். அவன் தலையில் செங்கல் பொடி விழுந்தது.

“ஆன்ட்டி! ஆன்ட்டி, அது ஃப்ரன்ட் சைடு!”

சியாமளா டிரில்லை நிறுத்தினாள். கைப்பிடிக்கு மேல் குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

“தெரிஞ்சுதான் போடறேன் பரணி. பின்சந்துல உன் பெட்டி நாள் முழுக்க என் பொண்ணு மேல ஊதுது. கீழ் வீட்டுது ஊதுது. ரெபேக்கா வீட்டுது ஊதுது. எங்க பெட்டி யார் மேலயாவது ஊதியிருந்தா அவங்களும் இப்பவே சொல்லிடுங்க, கேட்டுக்கறேன். இனிமே இது இங்கேதான் தொங்கும். கடல் மேல ஊதட்டும்.”

பரணிதரன் தலையிலிருந்த பொடியைத் தட்டக்கூட மறந்து நின்றான். பெஞ்சமின் மட்டும் மனைவியின் பக்கம் திரும்பி, “கேட்டியா? இதத்தான்டி நானும் சொல்லிகினு கீறேன்” என்றான்.

அப்போதுதான் அபிஷேக்கின் கார் தெருமுனையில் திரும்பி வந்து நின்றது. அவன் இறங்கி, கூட்டத்தையும் மேலே டிரில்லோடு நிற்கும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஸ்வாதி, ரெடியா? பையை எடுக்க நான் மேல வரட்டுமா?” என்று குரல் கொடுத்தான்.

ஸ்வாதி பால்கனி வாசலுக்கு வந்தாள். அம்மாவின் முகம், புருவம், முந்தானை எல்லாம் செங்கல் நிறமாக இருந்தன. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் கைப்பிடியைப் பற்றிக் கீழே எட்டிப் பார்த்தாள்.

“வண்டிய நிழல்ல விட்டுட்டு மேல வா அபி. ஸ்டாண்டு பிடிக்க ஆள் வேணும். அம்மா இன்னும் மூணு ஓட்டை போடணும்.”

சியாமளா அவள் பக்கம் திரும்பவில்லை. ஜானகிராமனை முக்காலியைச் சற்று நகர்த்தச் சொல்லி, அடுத்த பென்சில் குறியின்மேல் நுனியை வைத்து, உடம்பை வைத்துத் தள்ளினாள்.